சனத்துக்கு நான் எழுதின வசனங்கள்

1

போன வியாழக்கிழமை நான் வேலை செய்யிற பள்ளிக்கூடத்தில வேஷம் போடுற நாள். லண்டனுக்கு வந்த காலத்தில இருந்து இதுதான் என்ட சீவியம்: சின்னப் பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுறதும், அதுகள் கொட்டினதைத் துடைக்கிறதும். வேஷம் எண்டால், கதைப் புத்தகத்தில வாற ஆக்கள் மாதிரி உடுத்துக்கொண்டு வரவேணும். வந்ததில முக்கால்வாசி முதுகில துணி கட்டின வீரர்கள். உலகத்தைக் காப்பாத்த வந்த கூட்டம் மேசைக்கு மேசை பறந்து, கஸ்டர்ட்டைக் கவிட்டு, ஒண்டையொண்டு தள்ளி விழுத்தி, மணி அடிக்க வெளியில ஓடிட்டுது. ஒரு வீரனும் திரும்பிப் பாத்து ஒரு தாங்க்யூ சொல்லேல்ல. துடைக்கிற ஆளை அவையள் எந்தக் காலத்தில பாத்தவை?

மூலையில ஒரு பிள்ளை மட்டும் வழமையான பள்ளிக்கூடச் சட்டையோட இருந்தாள். தாய் மறந்திருப்பா, இல்லாட்டி வாங்க வசதி இருந்திருக்காது. "நீ ஆர் வேஷம், குஞ்சு?" எண்டு கேட்டன். அவள் தலையை நிமித்தாமல் சொன்னாள்: "நான் சனம். அவையள் சண்டை பிடிக்கேக்க கீழ நிண்டு பாக்கிற சனம்."

அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி கஸ்டர்ட் போட்டிட்டு, சாமான் அறைக்குள்ள போய்க் கவிட்டு வைச்ச ஒரு பெட்டியில இருந்திட்டன். போனில காலமையில இருந்து மூண்டு அழைப்பு. மூண்டும் கொழும்பு கொட்டாஞ்சேனையில இருந்து புவனா. நான் எடுக்கேல்ல. ஏன் எடுக்கேல்ல எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன். ஊரில இருந்து வாசிக்கிற நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைச்சாலும் நினையுங்கோ.

2

சண்டை முடியிறதுக்கு முந்தி மூண்டு வருசம் நான் கொட்டாஞ்சேனையில ஒரு அச்சகத்தில வேலை செய்தனான். வீடு வெள்ளவத்தையில. காலமை பஸ்ஸில புறக்கோட்டை வரைக்கும் போய், அங்கயிருந்து நடை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம் மூண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு நெஞ்சோட வைச்சுக்கொண்டு போவன். அந்த உறை இல்லாமல் அந்தக் காலத்தில நாங்கள் முடக்குக் கடைக்கும் போனதில்ல.

அச்சகத்தில கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், மாசம் ஒருக்கா ஒரு சித்திரக்கதைப் புத்தகம். கதாநாயகனுக்கு இடிமுகிலன் எண்டு பேர். வெளிநாட்டில எங்கயோ மலிவா வாங்கின படங்கள். ஆக்கள் கதைக்கிற பலூனுக்குள்ள இருக்கிற இங்கிலிசை வெள்ளை மையால அழிச்சு, தமிழை டைப் அடிச்சு, பிளேடால துண்டு துண்டா வெட்டி ஒட்டவேணும். முதலாளி இளைப்பாறின இங்கிலிஸ் வாத்தியார். மாஸ்டர் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. முதல் நாளே சொல்லிப்போட்டார்: "இஞ்ச பார் ராஜி, வீரனும் வில்லனும் என்ட பொறுப்பு. சனம் உன்ட பொறுப்பு."

வீரனுக்கு அவர் எழுதுவார்: "அடே கொடியவனே! அறத்தின் கரம் உன்னை விடாது!" பெரிய தடிச்ச எழுத்து. சனத்தின்ட பலூன் கடலை அளவு. மூலத்தில இருபது பேர் சேர்ந்து "ஐயோ!" எண்டு கத்துவினம், அவ்வளவுதான். முதல் இதழில நானும் இருபது "ஐயோ" ஒட்டினன். ரெண்டாவது இதழில எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தலைக்கு மேல பாலம் உடைஞ்சு விழுது, ஒருத்தருக்கும் வேற ஒண்டும் வாயில வராதா? இடிமுகிலன் ஒரு லொறியைத் தூக்கி வில்லனுக்கு எறியிற இடத்தில, கீழ நிண்ட ஆளின்ட பலூனுக்குள்ள "அது என்ட லொறியடா! நாளைக்கு வெங்காயம் ஆர் ஏத்துறது?" எண்டு போட்டன். பக்கத்தில நிண்ட மனுசியின்ட பலூனுக்குள்ள, "தம்பி, ஒதுங்கு! அவர் எங்களைப் பாக்கேல்ல!"

மாஸ்டர் வீரன்ட வசனத்தை மட்டும்தான் பிழை திருத்துவார். சனத்தை அவர் வாசிக்கிறதே இல்ல. ஆனா சனம் சனத்தை வாசிச்சுது. கடிதம் வரத் தொடங்கினது. கொஞ்ச நாளில தங்கட செய்தியளையே அனுப்பத் தொடங்கிட்டினம், போடச் சொல்லி. இடிமுகிலன் ராட்சதனுக்குக் குத்தேக்க, கீழ நிக்கிற கிழவர் மேல பாத்துக்கொண்டே, "மேரி அக்காவுக்குப் பெட்டைப் பிள்ளை!" எண்டு சொல்லுவார். பேந்து வந்த மாசங்களில செய்தியளும் மாறினது. "லொட்ஜில பிடிச்ச தம்பியை விட்டிட்டாங்கள், தாய்க்குச் சொல்லுங்கோ!" "நடுவில் மகன் இன்னும் வரேல்ல, கண்டவை சொல்லுங்கோ!" பேப்பரில போடப் பயந்ததெல்லாம் இடிமுகிலன்ட காலுக்குக் கீழ வந்தது. படக்கதையைப் பெரிய ஆக்கள் ஆர் பாக்கப்போறாங்கள் எண்ட துணிவு. புத்தகத்தை வாங்கினவை முதலில சனத்தை வாசிச்சிட்டுத்தான் கதைக்குப் போனவை.

3

மெஷின் ஓட்டினது செல்வம். மலைநாட்டில ஹட்டன் பக்கத்து ஆள். தாள் ஏத்த முதல் பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சு, ஒவ்வொரு சனத்துக்கும் ஒவ்வொரு குரல் வைச்சு வாசிப்பான். "அக்கா, இந்த மாசம் நம்ம ஆளுங்க என்னா பேசுறாங்க?" எண்டுதான் காலமையில வருவான். அவன்ட மனுசி புவனா. கலியாணம் கட்டி எட்டு மாசம். அச்சகத்துக்குப் பின்னால ஒரு அறையில இருந்தவை.

அண்டைக்குக் காலமை பதினொரு மணி, நல்ல வெய்யில். செல்வம் எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ வாங்க எதிர்க்கடைக்குப் போனான். நான் மேல் மாடி ஜன்னலடியில இருந்து துண்டு வெட்டிக்கொண்டிருந்தனான். ஒரு வெள்ளை வான் வந்து நிண்டது. ஆக்களை ஏத்திக் காணாமல் ஆக்கிற வான் எண்டு எல்லாருக்கும் தெரியும். அவசரமே இல்லை. ரெண்டு பேர் இறங்கினாங்கள். ஒருத்தன் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுற மாதிரி அவன்ட தோளில கை போட்டான். செல்வம் நிமிந்து நேரா என்ட ஜன்னலைப் பாத்தான். "ராஜி அக்கா!" எண்டான். கத்தேல்ல. ஒருக்கா கீழ வாங்க எண்டு கூப்பிடுற மாதிரித்தான் இருந்தது.

நான் திரைச்சீலைக்குப் பின்னால போயிட்டன்.

சலூன்காரர் கத்தரிக்கோலோட வாசலில நிண்டவர். தண்ணிக் குழாயடியில அஞ்சாறு பொம்பிளையள். ஆட்டோக்காரர் மூண்டு பேர். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. அவனை ஏத்தி வான் கதவு சாத்தினது, போயிட்டுது. நான் கையில இருந்த துண்டின்ட பின்பக்கத்தில பென்சிலால வான் இலக்கத்தை எழுதிப்போட்டன். அது மட்டும் செய்தன்.

புவனா சவர்க்கார நுரைக் கையோட ஓடி வந்தாள். "யாராச்சும் பாத்தீங்களா? யாராச்சும் பாத்தீங்களா?" ஒருத்தரும் காணேல்லயாம். நானும் இறங்கி வந்து சொன்னன்: "நான் உள்ளுக்கு இருந்தனான் புவனா. சத்தம்தான் கேட்டது." பொலிசில முறைப்பாடு எழுத அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அங்க மேசைக்கு அங்கால இருந்தவர் கேக்க, சிங்களத்திலயும் அதே பொய்: "மம தெக்கே நே." நான் காணேல்ல. என்ட மகள் அபிக்கு அப்ப மூண்டு வயசு. என்ட மனுசன் லண்டனில, எங்கட விசா வரப்போற நேரம். காரணம் இருந்தது. ஆருக்குத்தான் இல்லை? அந்தச் சலூன்காரருக்கும் இருந்திருக்கும்.

4

அந்த மாச இதழில ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் சரிய, இடிமுகிலன் தோள் குடுத்துத் தாங்கிறார். பக்கத்துக் கட்டிடத்து ஜன்னலில ஒரு பொம்பிளை நிண்டு கத்துறா. அவவின்ட பலூனுக்குள்ள நான் போட்டன்: "பிளேன்ரீ வாங்கப் போனவரை ஏத்தின வெள்ளை வான்!" கீழ அதின்ட இலக்கம். இலக்கத்தை இங்க எழுதமாட்டன். அது வேற ஒரு மனுசன்ட வண்டி.

ஒட்டுறதுக்கு முதல், நாலு இலக்கத்தில ஒண்டை மாத்தினன். ஆரும் வந்து கேட்டால், "கதைக்காகச் சும்மா போட்டது, வேணுமெண்டால் தேடிப் பாருங்கோ" எண்டு சொல்லலாம் எல்லே. சனத்துக்கும் சொல்லியாச்சு, எனக்கும் ஆபத்தில்ல எண்டு ஒரு கோழைக் கெட்டித்தனம். சரியான இலக்கத்தைப் புவனாவின்ட காதுக்குள்ள தனியச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். சத்தியமா நினைச்சனான். பென்சிலால எழுதின துண்டை வீட்டில காஸ் அடுப்பில பிடிச்சு எரிச்சுப்போட்டன்.

புத்தகம் வந்து ரெண்டாம் நாள் புவனா அதைக் கையில சுருட்டிக்கொண்டு மேல ஏறி வந்தாள். "அக்கா, இது அவருதானே? இந்த நம்பர் யாரு குடுத்தாங்க?"

பாத்தனான் எண்டு சொன்னால் அடுத்த நிமிசம் என்னை எங்கயெல்லாம் கூட்டிக்கொண்டு போவாள் எண்டு எனக்குத் தெரியும். "ஆரோ ஒரு வாசகர் கடிதத்தில அனுப்பினது" எண்டன்.

"அந்தக் கடிதம் எங்கக்கா?"

"எறிஞ்சு போட்டன்."

"நம்பர் சரிதானே அக்கா?"

கீழ புது ஆள் ஒருத்தன் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் "ஓம்" எண்டன். அவள் என்ட ரெண்டு கையையும் பிடிச்சுத் தன்ட கண்ணில ஒத்திக்கொண்டாள். நாலு மாசத்தில நான் பிளேன் ஏறிட்டன்.

5

பதினேழு வருசம். ஒவ்வொரு வருசமும் செல்வத்தைக் கொண்டுபோன தேதிக்குப் புவனா எனக்குப் போன் எடுப்பாள். அழமாட்டாள். காணாமல் போனவையை விசாரிக்கிற எந்தக் கந்தோருக்குப் போனவள், எந்த றோட்டில படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள், ஆர் எழுதி எடுத்தது எண்டு ஒழுங்காச் சொல்லுவாள். "நம்பரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன் அக்கா" எண்டு ஒருக்காச் சொன்னாள். நான் "கவனமா இரு" எண்டு சொல்லுவன். போனை வைச்சிட்டு, அலுமாரிக்குள்ள கிடக்கிற அந்தப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாப்பன். இதுதான் என்ட திவசம். அடுத்த நாள் திருப்பியும் மேசை துடைக்கப் போவன்.

வியாழக்கிழமை சாமான் அறைக்குள்ள இருந்து அவள் விட்ட குரல் பதிவைக் கேட்டன். அவள் சொன்னபடியே எழுதுறன்.

"அக்கா, வேலையா இருப்பீங்க. அந்த வண்டிய கண்டுபிடிச்சுட்டாங்க அக்கா. ரத்மலானையில ஒரு பெரியவரு, சின்னதா பேக்கரி வச்சிருக்காரு. அது பாண் வண்டிங்க. தெனமும் அந்த நேரத்துக்கு களுபோவில பக்கம் பாண் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு, அத்தாட்சியெல்லாம் காட்டுனாரு. வண்டியே வெள்ள இல்ல அக்கா, நீலம். விசாரணைக்கு முன்னாடியே எனக்கு அட்ரஸ் தெரிஞ்சுபோச்சு. நான் போயி அவரு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டேன். குடும்பத்தோட நாசமாப் போன்னு கத்துனேன். அந்த மனுசன் வெளிய வந்து, சாப்ட்டியா மகளேன்னு சிங்களத்துல கேட்டாரு அக்கா. இப்ப கந்தோர்ல அந்த ஐயா சொல்லிட்டாரு, நோனா, பொறு கியன்ன எப்பான்னு. பொய் சொல்லாதேங்குறாரு. இந்த மாசக் கடைசியோட ஃபைல மூடுறாங்களாம். அந்த வாசகரு பேரு ஞாபகம் வருதா அக்கா? அவரு பாத்தேன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும்."

நான் அந்தப் பெட்டியிலயே இருந்தன். ஒரு பொம்பிளையின்ட பதினேழு வருசத்தையும், ஒரு பாவமும் அறியாத கிழவன்ட வாசலையும் ஒரு இலக்கத்தை மாத்தி நாசம் பண்ணிப்போட்டன்.

6

அபிக்கு இப்ப இருபது வயசு. பல்கலைக்கழகத்தில படம் வரையிற படிப்பு. தனிய அறை எடுத்து இருக்கிறாள். சனிக்கிழமையில அழுக்கு உடுப்பைக் கொண்டு வந்து எங்கட மெஷினில போட்டிட்டு, நான் சமைச்சதைப் பாதி சாப்பிட்டிட்டுப் போவாள். தமிழ் பாதி விளங்கும், வாசிக்கத் தெரியாது. கடைசி வருசத்துக்கு அவள் வரையிறதும் வீரர் கதைதானாம், ஆனால் முழுக்கக் கீழ நிக்கிற சனத்தின்ட கண்ணால. நான் முந்தி இப்பிடி ஒரு புத்தகத்தில வேலை செய்தனான் எண்டு தகப்பன் வாய் தவறிச் சொல்லிப்போட்டார். ஒரு மாசமா, "அம்மா, காட்டுங்கோ" எண்டு ஒரே கரைச்சல். நான் தட்டிக்கழிச்சுக்கொண்டு வந்தனான்.

அந்தச் சனிக்கிழமை நானே எடுத்து மேசையில வைச்சன். சனத்தின்ட பலூன் எல்லாத்தையும் ஒவ்வொண்டா வாசிச்சு இங்கிலிசில சொன்னன். பழைய தொழிலைத் திருப்பிப் போட்டுச் செய்த மாதிரி. நல்லாச் சிரிச்சாள். எனக்கும் அவளுக்கும் இடையில அப்பிடி ஒரு சிரிப்பு வந்து கனகாலம். மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் வர நான் நிப்பாட்டிட்டன்.

"ஜன்னலில நிக்கிற பொம்பிளை என்ன சொல்லுறா?"

சொன்னன். முழுக்கச் சொன்னன், திரைச்சீலையில இருந்து "ஓம்" வரைக்கும். என்ட வாழ்க்கையில முதல் தரம் ஒருத்தருக்குச் சொன்னன், அதுவும் தமிழ் பாதிதான் விளங்கிற பிள்ளைக்கு. ஆனா அவளுக்கு எல்லாம் விளங்கினது.

"நீங்கள் ஒளிச்சனீங்களா?"

"ஓம்."

"பிறகு அவவுக்குப் பொய் சொன்னனீங்களா?"

"ஓம்."

படத்தில வாற பிள்ளையள் மாதிரிக் கட்டிப்பிடிச்சு அழேல்ல அவள். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். அது என்னைச் சுட்டது. பிறகு படத்தைக் கிட்ட இழுத்துப் பாத்தாள். "இந்த வீரன் இந்த மனுசி நிக்கிற பக்கம் திரும்பவே இல்லை" எண்டாள். "அம்மா, போனை எடுங்கோ."

குசினிக்குள்ள இருந்து இவர் சத்தம் போட்டார்: "உனக்கேன் தேவையில்லாத சோலி? ஓகஸ்டில ஊருக்குப் போறம், அங்க எங்களை மறிப்பாங்கள், மறந்திடாத!" அபி தகப்பனுக்கு இங்கிலிசில ஒண்டு சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கமாட்டன்.

7

போன் ரெண்டாந்தரம் மணி அடிக்கவே புவனா எடுத்திட்டாள். வாசகரும் இல்லை, கடிதமும் இல்லை, பாத்தது நான்தான் எண்டு சொன்னன். செல்வம் என்னைக் கூப்பிட்டவன் எண்டும் சொன்னன். இலக்கத்தை மாத்தினதையும் சொன்னன். அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ போற சத்தம். ஆரோ மரக்கறி விக்கிற சத்தம். ஏசுவாள் எண்டு காத்திருந்தன். ஏச வேணும் எண்டு ஆசையா இருந்தது, உண்மையாத்தான்.

"கூப்ட்டாரா உங்கள?" எண்டு மட்டும் கேட்டாள்.

"ஓம். ஒருக்கா."

"இருங்க, பேனா எடுத்துக்கிறேன்." சாமான் தட்டுப்படுற சத்தம். "ம், சொல்லுங்க அக்கா. சரியான நம்பரச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தன். புத்தகத்தில இருக்கிற இலக்கம்தான் வந்தது. கண்ணை மூடினன். வான் வந்தது, அவன்ட முகம் வந்தது, வெய்யில் வந்தது. வானின்ட தகட்டில மட்டும் புத்தகத்து இலக்கம். எதை மாத்தினனான்? மூண்டாவதையா? கடைசியையா? என்ட தலைக்குள்ள பத்திரமா இருக்கு எண்டு பதினேழு வருசமா நினைச்சுக்கொண்டிருந்தனான். வருசா வருசம் அந்தப் பொய்யை எடுத்து எடுத்துப் பாத்ததில உண்மை அழிஞ்சு போச்சுது. "மூண்டாவது" எண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது ஞாபகமா, எதையாவது சொல்லித் தப்புற அவதியா எண்டு எனக்கே தெரியேல்ல. இன்னொரு கிழவன்ட வாசலுக்கு அவளை அனுப்பேலாது.

"தெரியேல்ல புவனா. மறந்திட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளு."

அவள் கடைக்காரனிட்டக் கேக்கிற மாதிரிச் சாதாரணமாக் கேட்டாள்: "நாலுல ஒண்ணுதானே அக்கா மாத்துனீங்க? மீதி மூணும் சரிதானே?"

"ஓம். அது சத்தியம்."

"அப்ப எத்தன நம்பர் வரும்? எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. ஒண்ணொண்ணா பாத்துக்கிறேன்."

அபிதான் கணக்குப் பாத்தாள். முப்பத்தாறு. அவள் படம் கீறுற தாளில ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதினாள். அதில ஒண்டு அந்த வான். மற்ற முப்பத்தைஞ்சும் பாண் விக்கிற, பிள்ளை ஏத்துற, பிழையொண்டும் செய்யாத ஆக்களின்ட வண்டி.

திங்கக்கிழமை லீவு போட்டிட்டு ஒரு சட்டத்தரணியிட்டப் போய்ச் சத்தியக் கடதாசி எழுதினன். என்ட பேர், அச்சகத்து ஜன்னல், நேரம், வானின்ட நிறம், இலக்கத்தை மாத்தினது, பொலிசுக்குப் பொய் சொன்னது, எல்லாம். காணாமல் போனவருக்கு நீங்கள் என்ன முறை எண்டு ஒரு கட்டம் இருந்தது: மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரம், மற்றவர். மற்றவர் எண்டதில புள்ளடி போட்டன். இவர் ஓகஸ்ட் டிக்கெட்டைப் பற்றி இப்ப ஒண்டும் கதைக்கிறேல்ல.

இண்டைக்குக் காலமை புவனாவின்ட பதில் வந்தது. "அக்கா, கடுதாசிய வாங்கிக்கிட்டாங்க. மூடுறத கொஞ்சம் தள்ளி வைக்கிறோம், வண்டிய நீயே தேடிப் பாத்துட்டு வான்னுட்டாங்க. பதிவு பாக்குற எடத்துல ஒரு நாளைக்கு ரெண்டு நம்பர்தான் பாத்துத் தருவாங்களாம். நாளைக்கு வெள்ளனப் போய் வரிசையில நிக்கிறேன். மொத ரெண்டு எதுன்னு நீங்களே சொல்லுங்க அக்கா."

வேலைக்குப் போற பஸ்ஸுக்குள்ள இருந்து அந்தத் தாளில ரெண்டு இலக்கத்தைத் தெரிஞ்சு அனுப்பினன். வண்டிக்காரரின்ட வீட்டுக் கதவைத் திறக்கிற ஆள் உன்னை ஆர் அனுப்பினது எண்டு கேட்டால், என்ட முழுப் பேரையும் சொல்லு எண்டும் எழுதினன்.